பெண்கள் மட்டும் அழைக்கவும்

ஸ்ரீரங்கத்தில் என் வீட்டின் முன்னறையிலிருந்து பிரெஸ்ட் பம்ப் வாடகைக்கு விடுகிறேன். பிள்ளை நேராகக் குடிக்க முடியாதபோது தாயிடமிருந்து பாலை எடுத்துக் கொடுக்கும் எந்திரம். இதை இப்படிப் பச்சையாக எழுத எனக்கே இரண்டு மாதம் பிடித்தது. செல்போன் மேப்பில் கடைகளைப் பதிவு செய்யும் இடத்தில் நான் முதலில் எழுதியது, ‘தாய் சேய் நலச் சாதனங்கள் வாடகைக்கு.’ எவ்வளவு நாகரிகம் பாருங்கள்! அந்த நாகரிகத்துக்கு வந்த பலன், ஒருவர் வீல் சேர் கேட்டார், இன்னொருவர் தொட்டில் கேட்டார், உப்பிலியபுரத்திலிருந்து ஓர் அம்மா வளைகாப்புக்கு அலங்கார நாற்காலி கிடைக்குமா என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த நர்ஸ் ஒருத்திதான் திட்டினாள். “அக்கா, குழந்தையை இன்குபேட்டர்ல வச்சிட்டு ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒருத்தர் நின்னுக்கிட்டு போனைத் தட்டுறாரு. அவரு என்ன, தாய் சேய் நலம்னா தேடுவாரு? நாங்க சீட்டுல என்ன எழுதிக் குடுக்குறோமோ அதைத்தான் தேடுவாரு. அதையே போடுங்க.”

அவள் சொன்னது நியாயம். உட்கார்ந்து திருத்தி எழுதினேன். பிரெஸ்ட் பம்ப் வாடகைக்கு, ஸ்ரீரங்கம், திருச்சி. கரண்டில் ஓடும் ஆஸ்பத்திரி வகை. பால் படும் கப்பும் குழாயும் ஒவ்வொருவருக்கும் புதிது. எந்த ஆஸ்பத்திரி என்றாலும் நேரில் கொண்டுவந்து பழக்கிக் கொடுப்போம். கடைசியில், ‘குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பால்தான் முதல் மருந்து, முதல் சில நாட்கள் மிக முக்கியம், தாமதிக்காதீர்கள்’ என்று சேர்த்தேன். எந்திரத்தைப் படம் எடுத்துப் போட்டேன். அந்த வாரமே மூன்று பேர் கூப்பிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். பெண் நம்பர், பக்கத்தில் அந்த வார்த்தை. வேறென்ன வேண்டும் அவர்களுக்கு? ஒருவன் மரியாதையாக ஆரம்பித்து, நீங்களே மாட்டிக் காட்டுவீங்களா என்பான். ஒருவன் பேசவே மாட்டான், மூச்சு மட்டும் விடுவான். குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கும்போது இதைக் கேட்டுவிட்டு மறுபடி எப்படிப் புளி கரைப்பது? என் வீட்டுக்காரர், “எதுக்கு இந்த வம்பு? எடுத்துரு அதை” என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எடுக்கவில்லை. பதிலாக, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி சேர்த்தேன். ‘பெண்கள் மட்டும் அழைக்கவும்.’

போன் கொஞ்சம் அமைதியானது. பொறுக்கிகள் நிற்கவில்லை, அவர்கள் எந்த வரியைப் படித்தார்கள்? ஆனால் ஆண் குரல் கேட்டதும் வைத்துவிட எனக்கு ஒரு நியாயம் கிடைத்தது. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் காலையில் ஒரு பெண் கூப்பிட்டார். மணப்பாறையில் வாழ்க்கைப்பட்டவர். அண்ணன் காந்தி மார்க்கெட் பக்கம் பழ வியாபாரி. அண்ணிக்கு ஏழாம் மாதத்திலேயே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்திருக்கிறார்கள், பெண் குழந்தை, இன்குபேட்டரில் இருக்கிறது, பால் வேண்டும் என்றார்.

“எத்தனை நாளாச்சுங்க?”

“இன்னைக்கு ஏழாவது நாள்.”

எனக்குச் சுருக்கென்றது. ஏழு நாள் எடுக்காமல் விட்டால் பால் வற்றத் தொடங்கிவிடும். இவ்வளவு நாள் ஏன் கூப்பிடவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

“அண்ணன்கிட்ட உங்க நம்பர் ரெண்டாவது நாளே இருந்துச்சுங்க. பெண்கள் மட்டும்னு போட்டிருக்கீங்களாம். அப்ப அண்ணிக்குப் பிரஷர் ஏறி, கண்ணே தொறக்கல. எங்கம்மா இல்ல. பிள்ளை நல்லபடியா வீடு வந்து சேர்ற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு அக்கம்பக்கத்துலயும் யாருக்கும் சொல்லல. எங்கிட்ட இதைப் போன்ல எப்படிக் கேக்குறதுன்னு அவருக்குக் கூச்சம். நேத்து நான் வந்தப்புறம்தான் சட்டைப் பையிலேர்ந்து உங்க நம்பர் எழுதின சீட்டை எடுத்து நீட்டுறாரு.”

மூச்சு விட்டவன் மூன்று முறை கூப்பிட்டான். இந்த மனிதர் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. நான் போட்ட வேலி நிறுத்தியது இவர் ஒருவரைத்தான்.

எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டிப் போனேன். அந்த அண்ணன் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே, பிள்ளை பெற்றவளுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. முகம் வீங்கியிருந்தது. அரை மணி நேரம் பம்ப் ஓடியும் கப்பின் அடி நனைந்ததோடு சரி. “வருமாக்கா?” என்றாள். வரும், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை விடாமல் எடு என்றேன். பொய் சொல்லவில்லை. சில பேருக்குத் திரும்ப வரும். ஆனால் நாளாகும், அந்த நாளைக் குழந்தை தர வேண்டும்.

மறுநாள் சில சொட்டு. அதற்கடுத்த நாள் ஒரு ஸ்பூன். நர்ஸ் அதைப் பத்திரமாக உள்ளே கொண்டு போனாள். அதற்குள் குழந்தைக்குக் குடலில் கிருமி சேர்ந்து வயிறு உப்பிவிட்டதாம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டிரிப் ஏற்றினார்கள். பத்தாம் நாள் அந்தத் தங்கைதான் அழுதுகொண்டே கூப்பிட்டார். “பிள்ளை மவுத்தாயிடுச்சுங்க.”

தாய்ப்பால் முன்பே கிடைத்திருந்தால் பிழைத்திருக்கும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கப் பயம். முதல் மருந்து, தாமதிக்காதீர்கள் என்று எழுதியவள் நான்தானே? அன்று அந்த மேல் வரியை அழித்தேன். அழிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டு நாள் கழித்து ஓர் ஆண் குரல். “அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, நான் அந்தப் பழக்கடைக்காரன்” என்றது. தங்கை ஊருக்குப் போய்விட்டாராம்.

“பால் இப்பதாம்மா நிறைய வருது. கட்டிக்கிட்டு காய்ச்சல். மாத்திரை குடுத்திருக்காங்க. மெஷினை இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கலாமா?”

வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வலி குறையும் அளவுக்கு மட்டும் எடுக்க வேண்டும், முழுக்க எடுத்தால் இன்னும் சுரக்கும், நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தால் நின்றுவிடும் என்று சொன்னேன். இதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு நாக்கு கூசியது.

“எடுத்ததை என்னம்மா பண்றது?”

நல்ல உடம்பாக இருந்தால் பால் வங்கிக்குக் கொடுக்கலாம். காய்ச்சலும் மாத்திரையுமாக இருப்பவளிடம் வாங்க மாட்டார்கள். கால் படாத மண்ணாகப் பார்த்து ஊற்றச் சொன்னேன், எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வார்கள்.

“எங்க சந்துல மண்ணே இல்லம்மா. எல்லாம் சிமெண்டு. சாக்கடையில ஊத்துறதான்னு அவ அழுவுறா.”

என்னிடம் கொண்டுவாருங்கள் என்றேன்.

கடை அடைத்துவிட்டு மத்தியானம் வருவார். ஒரு சின்ன பாட்டில், மேலே வெள்ளைத் துணி சுற்றியிருக்கும். வாசலோடு கொடுத்துவிட்டுப் போவார், ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. கடிந்திருந்தால் தேவலை. ஐந்து நாள் வந்தார். ஆறாம் நாள் நின்றுவிட்டது என்று போன் செய்தார். அந்த ஐந்து நாளும், அந்தக் குழந்தைக்குப் போய்ச் சேராத பாலைக் கொல்லையில் செம்பருத்திக்கு அடியில் என் கையால்தான் ஊற்றினேன்.