எல்லைக் கல்லைத் தாண்டிய பாடை

முதலில் வலி இல்லை. அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன். வலி இல்லாததால்தான் பலபேர் ஏமாந்துபோகிறார்கள்.

வயிறு ஒரு தரம் இரைந்தது. ஏரிக்கரைப் பக்கம் போய்வந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் மறுபடி போக வேண்டியிருந்தது. அப்புறம் போனதெல்லாம் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி. பிறகு வாந்தி. அதுவும் தண்ணீர்தான். பொழுது உச்சிக்கு வருமுன் கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. விரல் நுனியெல்லாம் துணி துவைத்தவள் விரல் மாதிரி சுருங்கியது. அஞ்சலையைக் கூப்பிட்டேன். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. அஞ்சலை என் மனைவி.

இதுதான் வாந்திபேதி. ஆஸ்பத்திரியில் காலரா என்பார்கள். இந்த நோய் வந்த வீட்டில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் கூலி வேலை செய்கிறவன். எழுத்துக் கூட்டி எழுதுவேன், அவ்வளவுதான்.

உலகச் சண்டைக் காலம். ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுடையது பருத்திப்பட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம். நிலம் வைத்திருப்பவர்கள் இருக்கிற பக்கத்துக்குத்தான் ஊர் என்று பேர். அவர்கள் நிலத்தில் வேலை செய்கிற நாங்கள் வயலுக்கு இந்தப் பக்கம். அவர்களுக்குக் கல் கட்டிய கிணறு. அதில் எங்கள் குடம் இறங்கக் கூடாது. எங்களுக்கு ஒரு குட்டை. மாடு இறங்குவதும் அதில்தான். நாங்கள் குடிப்பதும் அதில்தான்.

நோய் எங்களிடம் தொடங்கவில்லை. பட்டணத்துக்குக் காய்கறி ஏற்றிப்போய் வந்த ஊர் வண்டிக்காரர் ஒருவர் படுத்தார். மறுநாள் இறந்தார். அவர் வீட்டார் கிட்டே வரப் பயந்தார்கள். தூக்க யாரைக் கூப்பிட்டார்கள்? எங்களை. என் மைத்துனன் ஏழுமலை, அஞ்சலைக்குத் தம்பி, அவன்தான் பாடை கட்டித் தூக்கினான். சாவு வேலை எங்கள் தலையில் எழுதி வைத்த வேலை.

அந்த வண்டிக்காரரின் பாயும் துணியும் அசிங்கமாகக் கிடந்தன. அவற்றை ஊர்க் கிணற்றுப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். எங்கள் குட்டையில் அலசச் சொன்னார்கள். அலசினோம்.

சில நாள் கழித்துச் சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். கிணற்றில் சிவப்பு மருந்து (நோய்க்கிருமியைக் கொல்லும் தூள், தண்ணீர் ரோஸ் நிறமாகும்) போட்டார். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் நின்றேன்.

"ஊர்ல வேற குடிதண்ணி இருக்குதா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"வேற எதுவும் இல்லீங்க. இந்தக் கிணறு ஒண்ணுதான்" என்றார் மணியக்காரர்.

மணியக்காரர்தான் ஊருக்கு அதிகாரி. அவர் பொய் சொன்னதாக அவருக்கே தோன்றியிருக்காது. எங்கள் குட்டை அவருக்குத் தண்ணீராகப் படவில்லை. அதைக் குடிக்கிற நாங்கள் ஊராகப் படவில்லை. சைக்கிளைப் பிடித்தவனை யாரும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஏறிப் போய்விட்டார். இதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

அதற்கப்புறம் ஊர்ப்பக்கம் நோய் நின்றது. எங்கள் பக்கம் ஆரம்பித்தது.

அம்மனுக்குக் காப்புக் கட்டினால் நோய் போகும் என்று ஊரில் முடிவு செய்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் எல்லைக் கல்லைத் தாண்டி யாரும் வெளியே போகக் கூடாது, உள்ளே வரவும் கூடாது. காப்பு அவிழ்க்கும்வரை அதுதான் கட்டளை. தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றச் சொன்னார்கள். நாங்களும் ஊற்றினோம். கேழ்வரகுக் கூழ். முந்தின நாள் காய்ச்சிக் கட்டியாக வைத்து, மறுநாள் காலையில் பச்சைத் தண்ணீர் விட்டுக் கரைப்போம். எந்தத் தண்ணீர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் வாங்கிக் குடித்தோம். அம்மன் பேரைச் சொல்லிக் குடித்தோம்.

அதற்கடுத்த நாள்தான் எனக்கு வயிறு இரைந்தது.

வாந்திபேதிக்காரனுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கொடுத்தால் வாந்தி கூடும் என்பார்கள். பக்கத்து வீட்டுக் கிழவர் வாசலில் உட்கார்ந்துகொண்டு காவல் காத்தார். நல்ல மனுஷர். என் நல்லதுக்குத்தான் காத்தார். உதடு வெடித்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அஞ்சலை துணியை நனைத்து உதட்டில் தடவினாள். அந்தத் துணியைச் சப்பப் பார்த்தேன். பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கிவிட்டு அழுதாள்.

பூந்தமல்லிப் பக்கம் ஆஸ்பத்திரி இருந்தது. தூக்கிப்போகலாம் என்று அஞ்சலை கிளம்பினாள். எல்லைக் கல்லண்டை மணியக்காரரும் ஆட்களும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் மட்டும் முதலில் போய்க் கேட்டாள். எங்கள் பக்கத்தில் அவர்களை ஆண்டே என்றுதான் கூப்பிட வேண்டும்.

"ஆண்டே, ஊட்டுக்காரரு கண்ணு உள்ள போயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவணும். வழி உடுங்க."

"காப்புக் கட்டிக்கீது தெரியாதா? ஒருத்தன் தாண்டினா ஊருக்கே ஆவாது" என்றார் மணியக்காரர்.

"அவரு செத்துடுவாரு ஆண்டே."

"செத்தா தூக்கினு போ. பொணத்துக்கு எல்லை கிடையாது. உசுரோட தாண்டக் கூடாது."

அஞ்சலை திரும்பி வந்து இதை அப்படியே சொன்னாள். ஏழுமலை கேட்டுக்கொண்டிருந்தான். அவன் விளையாட்டாகப் பேசுகிறவன். அன்றைக்கு என் பக்கத்தில் வந்து குந்தினான்.

"மாமா, கொஞ்ச நேரம் செத்துக்கினு இருக்கிறியா?" என்றான்.

சரி என்று தலையை ஆட்டினேன்.

மூங்கில் வெட்டிப் பாடை கட்டினான். என்னைக் கிடத்தி, முகம் மூடிக் கோடித் துணி போட்டுக் கயிற்றால் கட்டினான். கால் முறுக்கினால் அசையக் கூடாது என்று முழங்காலுக்குக் கீழே இறுக்கமாகக் கட்டினான். அவனும் அவன் கூட்டாளி ஒருவனும் தூக்கினார்கள். அஞ்சலை தலைமயிரை அவிழ்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். அது நடிப்பா நிஜமா என்று பிறகு கேட்டேன். "எனக்கே தெரியல" என்றாள்.

எல்லைக் கல்லண்டை நிறுத்தினார்கள். துணிக்குள்ளே எனக்குக் காது மட்டும் வேலை செய்தது.

"யாரு?"

"எங்க மாமாங்க ஆண்டே. பூட்டாரு."

"அதுக்குள்ளயா?"

"நீங்கதான சொன்னீங்க, செத்தா தாண்டலாம்னு. அவரு சொன்ன பேச்சு கேக்கிற ஆளு."

கால் முறுக்கியது. வாயைத் திறக்காமல் கிடந்தேன். வேறு சாவாக இருந்தால் யாராவது முகத்தைப் பார்க்க வருவார்கள். இந்த நோய்க்குப் பயந்து ஒருவரும் கிட்டே வரவில்லை. அவர்கள் பயம் எனக்கு உதவியாக இருந்தது.

"நிக்காத. தூக்கினு போ, தூக்கினு போ" என்றார் மணியக்காரர். துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுகிற குரல்.

பெண்கள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது. அஞ்சலை கல்லுக்கு உள்ளேயே நின்றுவிட்டாள்.

சுடுகாடு தாண்டினதும் ஏழுமலை முகத்துத் துணியை விலக்கினான். தண்ணீர் என்று வாயசைத்தேன். "ஆஸ்பத்திரி வரட்டும் மாமா. அதுவரைக்கும் நீ செத்தவன்தான்" என்றான். பாடையிலேயே பூந்தமல்லி ரோட்டில் தூக்கிக்கொண்டு போனார்கள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். உயிரோடு இருந்தபோது எனக்கு அந்த ரோட்டில் யாரும் ஒதுங்கினதில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் கம்பவுண்டர் தடுத்தார். "பொணத்தை இன்னாத்துக்கு இங்க கொண்டாந்தீங்க?"

"பொணம் தண்ணி கேக்குதுங்க" என்றான் ஏழுமலை.

நோய்க்காரர்களுக்கென்று தனியாக ஒரு ஓலைக் கொட்டகை. கட்டிலில் நடுவே ஓட்டை, கீழே வாளி. என் நாடி கிடைக்கவில்லை. டாக்டர் என் கை ரத்தக் குழாயைக் கீறி உப்புத் தண்ணீர் (ரத்தத்தில் குறைந்துபோன நீருக்குப் பதிலாக ஏற்றுவது) ஏற்றினார். குப்பி குப்பியாகப் போயிற்று. உடம்பு நடுங்கியது. பிறகு கை சூடானது. பிறகு என் வாயிலிருந்து சத்தம் வந்தது. எனக்கே அது யார் குரல் என்று தெரியவில்லை.

டாக்டர் மறுநாள் வந்து உட்கார்ந்தார்.

"வீட்டில் தண்ணீர் கொடுத்தார்களா?"

"இல்லீங்க. குடுத்தா வாந்தி கூடும்னாங்க."

"இந்த நோயில் ஆளைக் கொல்வதே உடம்பில் தண்ணீர் வற்றுவதுதான். கொதித்து ஆறின தண்ணீர், உப்புப் போட்ட கஞ்சி, வாந்தி எடுத்தாலும் விடாமல் வாய் வாயாகக் கொடுக்க வேண்டும். எங்கே தண்ணீர் எடுக்கிறீர்கள்?"

"குட்டையில."

"ஊருக்கு இன்ஸ்பெக்டர் வந்து மருந்து போட்டிருப்பாரே?"

"கிணத்துல போட்டாருங்க."

"குட்டையை ஏன் காட்டவில்லை?"

நான் ஓலைப் பக்கம் திரும்பிப் படுத்தேன். டாக்டர் எழுந்து போனார். அடுத்த கட்டிலுக்கு எங்கள் தெரு ஆள் ஒருவர்கூட வரவில்லை. எப்படி வருவார்கள்? எல்லாரும் கல்லுக்கு உள்ளே இருந்தார்கள். என்னைக் காவல் காத்த பக்கத்து வீட்டுக் கிழவர் தாகத்தோடு செத்தார் என்று பிறகு தெரிந்தது.

இந்த நோய் மலத்திலும் வாந்தியிலும் இருந்து தண்ணீருக்குப் போகிறது. தண்ணீரிலிருந்து வாய்க்கு வருகிறது. அம்மன் கோபம் இல்லை, காற்று இல்லை. இது டாக்டர் சொன்னது. அந்தத் தண்ணீரை யார் எங்களுக்குக் கொடுத்தார்கள் என்பது நான் சொல்வது.

அஞ்சலைக்கு நான் பிழைத்தது தெரியாது. காப்பு அவிழ்க்கும்வரை பாடை தூக்கினவர்களையும் உள்ளே விடவில்லை, அதனால் ஏழுமலையால் போய்ச் சொல்ல முடியவில்லை. கரும காரியத்துக்கு நாள் வந்தது. தெருப் பெண்கள் தாலி வாங்க வந்தார்கள். "அவரு வந்து கேக்கட்டும், கழட்டித் தரேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாளாம். பைத்தியம் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

காப்பு அவிழ்த்த பிறகு, கோலூன்றிக்கொண்டு ஏழுமலையோடு திரும்பி வந்தேன். கல்லண்டை மறுபடி தடுத்தார்கள்.

"ஏமாத்தி எல்லையைத் தாண்டினது நீ. அதனாலதான் உங்க தெருவுல இத்தினி சாவு" என்றார் மணியக்காரர்.

"கூழுக்கு எந்தத் தண்ணி ஊத்தினோம் தெரியுமா ஆண்டே?" என்றேன்.

"பாடையில போனவன் பேசக் கூடாது. பாடையில போனவன் ஊருக்குள்ள வந்தா ஊருக்கு ஆவாது. போன வழியே போ."

சத்தம் கேட்டு அஞ்சலை வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள். கிட்டே வந்து என் கையைத் தொட்டுச் சூடு பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய்ச் சோற்றுப் பானையையும் பாயையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நீ எங்கே போற?" என்று மணியக்காரர் கேட்டார்.

"செத்தவன் பொண்டாட்டி இங்க இன்னா பண்ணுவா ஆண்டே? வழி உடுங்க."

கல்லைத் தாண்டினாள். அவ்வளவுதான். நாங்கள் மறுபடி அந்த ஊருக்குள் போகவில்லை.

இப்போது ஆவடியில் ரயில் பாதையோரம் குடிசை. பட்டாளத்துக் கொட்டகையில் வேலை. உடம்பு பழையபடி இல்லை. கெண்டைக்கால் திடீரென்று பிடித்துக்கொள்ளும். முன்பெல்லாம் வேலையை வைத்துத்தான் பொழுது தெரியும். இப்போது தாகத்தை வைத்துத் தெரிகிறது. கொதித்து ஆறின தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் என்னால் உட்கார முடியாது. முதல் வாய்த் தண்ணீரை விழுங்காமல் கொஞ்ச நேரம் வைத்திருப்பேன். ஊர்க் கணக்கில் என் நாள் முடிந்துவிட்டது. மிச்சமிருப்பது யார் கணக்கிலும் இல்லை. அவசரமும் இல்லை.

போன கோடையில் ஒரு இன்ஸ்பெக்டர் இங்கே வந்தார். குழாயண்டை மேஸ்திரியோடு நின்று, வேறு குடிதண்ணீர் உண்டா என்று கேட்டார். மேஸ்திரி இல்லை என்று தலையாட்டினார்.

"கீதுங்க. பாதைக்கு அந்தாண்ட ஒரு பள்ளம். அங்க இருக்கிறவங்க அதைத்தான் குடிக்கிறாங்க. வாங்க, காட்டறேன்" என்றேன்.

முன்னால் நடந்தேன். வெயில். "கொஞ்சம் சீக்கிரம் நடப்பா" என்றார் அவர். என் கால் அவ்வளவுதான் போகும். மெதுவாகவே போனேன். அவர் சைக்கிளை அவரே தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார்.