அதியாவுக்கு ஒரே மொழி

ஓசூரில் பாகலூர் சாலையை ஒட்டிய அந்த லைன் வீட்டில் மூன்று குடும்பங்கள். மூன்றுக்கும் மூன்று மொழி. நடு வீட்டில் தமிழ் பேசும் வஜிஹாவும் அவள் கணவர் அக்பர் பாஷாவும் இருந்தார்கள். அவர் சூளகிரிச் சந்தையில் சாக்கு வியாபாரி. மகள் அதியாவுக்கு மூன்று வயதாகியும் தலை சரியாக நிற்கவில்லை. வலிப்புக்கு வேளை தவறாமல் மருந்து, மூக்கு வழியாக இறங்கும் குழாயில் பால், மழை பெய்தால் நெஞ்சுச் சளி. இத்தனைக்கும் நடுவே அவளுக்குப் பிடிவாதமும் இருந்தது. அதைப் பார்த்துத்தான், உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறாள் என்று வஜிஹா நம்பினாள்.

எண்பத்தாறாம் வருஷம் பெங்களூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். கேழ்வரகுக் கூழைக் கெட்டியாகக் காய்ச்சி, நிமிர்த்தி உட்கார வைத்து, வாயால் ஊட்டிப் பழக்க வேண்டும். அடுத்த மாதம் எடை கொஞ்சமாவது ஏறாவிட்டால் வயிற்றில் துளை போட்டு அங்கே குழாய் வைக்க வேண்டியதுதான். இவர்கள் எழுந்து கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: குழந்தையிடம் எல்லோரும் ஒரே மொழியில் பேசுங்கள், இல்லாவிட்டால் குழம்பிப்போகும்.

துளை என்ற பேச்சைக் கேட்டதிலிருந்து வஜிஹாவுக்குத் தன் வயிறே வலித்தது. டாக்டரம்மா சொன்னதில் ஒன்றையும் விடுவதாக இல்லை. அன்று மாலையே அக்பர் பாஷா குழாயடியில் சட்டத்தை அறிவித்தார். அதியாவிடம் இனித் தமிழ் மட்டும். தவறுகிறவர்கள் அபராதமாக நடு வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் பிடித்து வர வேண்டும்.

இடது பக்கத்து வெங்கடம்மா தெலுங்குக்காரர். பகலெல்லாம் வஜிஹாவோடு சேர்ந்து குழந்தையைப் பார்த்துக்கொள்பவர். அவருக்குத் தமிழ் வரும், ஆனால் அது முழுக்கச் சந்தையில் கற்றது. பேரம் பேசவும் சண்டை போடவும் தாராளமாகப் போதும். கொஞ்சுவதற்கு அதில் ஒரு வார்த்தை கிடையாது. கரண்டியை நீட்டிக்கொண்டு அவர் அதியாவிடம், "கடைசியா கேக்கறேன். தின்றியா, வேற கடைக்குப் போவட்டா?" என்றார்.

வலது பக்கத்து கிருஷ்ணப்பன் கன்னடக்காரர். அவருடைய தமிழ், தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வாயிலிருந்து வாங்கியது. ஷிப்ட் முடிந்ததும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குழந்தை முன்னால் வந்து நின்றார். "இன்னிக்கும் டார்கெட் வரலையேம்மா. என்ன காரணம்?"

ஒரு மனிதர் எந்த மொழியிலும் அதே மனிதர்தான் என்று பொதுவாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்த எண்ணம் இந்த லைன் வீட்டில் சில நாள்கூடத் தாங்கவில்லை. சட்டத்துக்கு முன்பு வெங்கடம்மா விரலில் தொட்டு வைத்த கூழையாவது அதியா நக்கிக்கொண்டிருந்தாள். இப்போது உதட்டைப் பூட்டிவிட்டாள். இரண்டு வீட்டாரும் நாக்குத் தவறித் தவறித் தண்ணீர் சுமந்ததில் வஜிஹாவின் பாத்திரங்கள் எல்லாம் நிறைந்தன. பிள்ளையின் வயிறு மட்டும் நிறையவில்லை.

ஒரு மத்தியானம் வஜிஹா கதவைச் சாத்திக்கொண்டு தானே சட்டத்தை மீறிப் பார்த்தாள். வெங்கடம்மாவின் ராகத்தில், சோறு தின்னும்மா என்பதைத் தெலுங்கில், "புவ்வ தினவே" என்றாள். அதியா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தாள். பிறகு கண்ணை இடது பக்கத்துச் சுவருக்குத் திருப்பினாள். சொல் சரிதான், ஆள் தப்பு. பெற்றவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. கரண்டியில் இருந்த கூழைத் தானே தின்றுவிட்டு எழுந்து போய் அடுத்த வீட்டு வாசலில் நின்றாள்.

"அக்கா, வந்து உங்க பாஷையிலயே ஊட்டுங்க."

"டாக்டரம்மா திட்டுவாங்களே."

"நான் வாங்கிக்கறேன்."

"உங்க வூட்டுக்காரரு?"

"அவரு சந்தையில இருக்காரு. இங்கிருந்து கேக்காது."

வெங்கடம்மா உட்கார்ந்தார். "நா பங்காரு தல்லி, புவ்வ தினவே" என்று தங்கத் தாயாக்கிக் கொஞ்ச ஆரம்பித்தவர், அடக்கி வைத்த தெலுங்கையெல்லாம் கொட்டினார். பூட்டு திறந்தது. ஒரு வாய் இறங்கியது, ஒரு இருமல் வந்தது, இன்னொரு வாய் இறங்கியது.

அடுத்த மாதம் வஜிஹா வெங்கடம்மாவையும் பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். தராசு முள் கொஞ்சம் நகர்ந்திருந்தது. டாக்டரம்மாவுக்கு அது போதவில்லை. விழுங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். வெள்ளைக் கோட்டைக் கண்டதும் வெங்கடம்மாவுக்குப் பயத்தில் சந்தைத் தமிழ் வந்துவிட்டது. அதியா வாயை மூடிக்கொண்டாள். துளைக்குச் சீட்டு எழுத டாக்டரம்மா பேனாவைக் கையில் எடுத்தார்.

வஜிஹா முன்னால் வந்தாள். "நீங்க சொன்னதை நாங்க கேக்கலைங்க" என்று எல்லாவற்றையும் ஒப்பித்தாள். "இவங்க தெலுங்குல சொன்னாத்தான் திறக்கறா."

டாக்டரம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அப்படியே ஊட்டச் சொல்லிவிட்டு, குழந்தையின் தொண்டையில் இரண்டு விரலை வைத்தார். தெலுங்கு வந்தது, வாய் திறந்தது. விரலுக்கடியில் கூழ் இறங்கியதும் இன்னொரு கரண்டி கொடுக்கச் சொன்னார். அதுவும் இறங்கியது. மருந்துக்கும் தண்ணீருக்கும் மூக்குக் குழாய் இருக்கட்டும், வயிற்றுத் துளையை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம் என்றார். அப்புறம் வஜிஹாவிடம், "நீங்க தமிழ் பேசுங்க. இந்தம்மா அவங்க பாஷை பேசட்டும். ஊட்டறது இவங்களே ஊட்டட்டும்" என்றார்.

இதைத் தனக்குக் கிடைத்த உத்தியோகமாகவே வெங்கடம்மா எடுத்துக்கொண்டார். திரும்பும்போது அத்திப்பள்ளியில் பஸ் நின்றதும் பாத்திரத்தைத் திறந்து கூழைக் கிண்ணத்தில் எடுத்தார். வஜிஹா கரண்டிக்குக் கை நீட்டினாள். டாக்டர் சொன்னது யாரை என்று கேட்டு அவர் தரவில்லை.

வஜிஹாவுக்குக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும் வேலைதான் மிச்சம். பஸ் குலுங்கிக் கிளம்பியது. வஜிஹா கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.