பாண்டியம்மா அக்காவின் பத்து நிமிடம்

எடை குறைய இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் முடிந்து, இன்றுதான் பட்டாசு கம்பெனிக்குத் திரும்பினேன்.

உள்ளே புண் ஆறும்வரை பத்து நிமிடத்துக்கு ஒரு மடக்குத் தண்ணீர்தான் குடிக்க வேண்டும். நேரம் சொல்லும் போனை, தீப்பொறி பயத்தில், கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

உள்ளே மணி தெரியாமல் தவித்தேன்.

பக்கத்தில் பெட்டி கட்டும் பாண்டியம்மா அக்கா சொன்னார்: "எனக்கு ஒரு பெட்டிக்குப் பத்து நிமிசம் ஆகும். முடிக்கையில சொல்லுறேன், குடி தாயி."

மதியம்வரை சரியாக நடந்தது. லோடு ஏற்ற லாரி வந்ததும் அக்காவின் கை பறந்தது.

"குடி!"

"குடி தாயி!"

எனக்கு நெஞ்சு அடைத்தது. "அக்கா, இப்பத்தான குடிச்சேன்!"

"லாரி நிக்குது. என் கை நிக்குமா?"

'வாட்ச் கட்டலாமே' என்று கமெண்டில் எழுதப் போகிறவர்களுக்கு: வீட்டில் இருக்கிறது. என் மணிக்கட்டைச் சுற்றி வந்தால் பட்டை கடைசி ஓட்டைக்கே இன்னும் எட்டவில்லை. தினமும் இழுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.