பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்

முதலில் அதைத் தோலில்தான் பார்த்தோம். ஆம்பூரில் எங்கள் தெருவின் பல வீடுகளைப் போலவே, என் மனைவியும் ஷூ கம்பெனிக்காக வீட்டிலிருந்து ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கிறார். ஒரு ஏஜென்ட் பெண் ஸ்கூட்டரில் பை கொண்டுவந்து போடுவார், தைத்ததை எடுத்துப் போவார். ஐப்பசி மழை தொடங்கிய வாரம் அவர் ஒரு ஜோடியை வெளிச்சத்தில் திருப்பினார். கறுப்புத் தோலில் மாவு தூவியதுபோல் வெள்ளைப் பூஞ்சணம்.

"யக்கா, கம்பெனியில என்னைத்தான் திட்றாங்க. இன்னொரு வாட்டி இப்படி வந்துச்சுன்னா உன் பைய வேற வீட்டுக்குக் குடுத்துடுவேன்."

மனைவி அந்த ஜோடியை வாங்கி முந்தானையால் துடைத்தார். அவருக்கென்று இருப்பது அந்த ஒரு வேலைதான்.

அவர் தைக்கும் உள்ளறையில் பீரோவை நகர்த்தினேன். முழங்கால் உயரத்திலிருந்து தோள் வரை சுவரில் பச்சையும் கறுப்புமாகப் புள்ளிகள். பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்தேன். மறுநாளே வெள்ளையடித்தேன். பத்தாவது நாள் அதே இடத்தில், வெள்ளையைத் துளைத்துக்கொண்டு புள்ளிகள் வந்தன.

சுவருக்கு நேர் மேலே மாடிவீட்டின் குளியலறை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. மேலே யார் எப்போது குளிக்கிறார்கள், எத்தனை பக்கெட் ஊற்றுகிறார்கள் என்று காது கொடுத்தேன். புள்ளிகளைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதினேன். பிறகு படியேறிப் போனேன்.

மாடியில் குடியிருப்பவர் ஒரு பள்ளி ஆசிரியை. நான் வாய் திறக்கும் முன்பே கேட்டார்:

"இன்னாண்ணா, சுவத்துல கோடு போட்டு எங்க மேல கேஸ் எழுதுறீங்களாமே?"

குழாய் கசிகிறதா என்று கேட்டேன்.

"ஒரு வாரம் இந்த பாத்ரூம்ல சொட்டுத் தண்ணி ஊத்த மாட்டோம். பின்னாடி தொட்டியாண்ட குளிச்சிக்கிறோம். அப்பவும் வந்துச்சுன்னா இன்னா சொல்வீங்க?"

வாக்கைக் காப்பாற்றினார். நான் அதையும் நம்பாமல் மூன்று முறை போய்ப் பார்த்தேன். தரை காய்ந்திருந்தது, பக்கெட் கவிழ்ந்திருந்தது. வாரக் கடைசியில் கீழே பூஞ்சணம் பென்சில் கோட்டைத் தாண்டியிருந்தது.

ஒரு கண்ணாடிப் பேப்பரைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டினேன். தண்ணீர் சுவரிலிருந்து வந்தால் பேப்பருக்குப் பின்னால் தேங்க வேண்டும்; அறைக் காற்றிலிருந்து வந்தால் முன்பக்கத்தில். இரண்டு நாள் கழித்துப் பிரித்தேன். பின்பக்கம் வறண்டிருந்தது. அறையைப் பார்த்த பக்கத்தில் ஈரத்தில் விரல் வழுக்கியது.

முதல் முறையாகச் சுவருக்கு முதுகைக் காட்டி அறையைப் பார்த்தேன். ஃபேனுக்குக் கீழே கொடியில் என் சட்டைகள், இரண்டு லுங்கி. கட்டிலடியில், தைப்பதற்கு முன் இளக வேண்டுமென்று ஈரத்துணியில் சுற்றிய தோல். மேலே வென்டிலேட்டர். குடிவந்த மாதமே ஆற்றோரத்தில் தோல் பதனிடும் ஷாப்பின் நாற்றத்துக்காக அதில் அட்டையும் பிளாஸ்டிக்கும் வைத்து ஆணி அடித்தவன் நான். அந்தப் பக்கத்து ஜன்னலையும் திறந்ததில்லை. இந்த ஊரில் ஒரு ஜன்னல் ஏன் மூடியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

"போலீஸ் மாதிரி மேலயே பார்த்துட்டிருந்தீங்க," என்றார் மனைவி. "ஆணி அடிச்ச ஆளு கீழ இருக்காரு."

"உனக்குத் தெரியுமா?"

"சந்தேகம்தான். தொறக்கலாம்னு சொன்னா நாத்தம் நாத்தம்னு கத்துவீங்க."

அட்டையைப் பிடுங்கினேன். அதன் உள்பக்கம் முழுக்கப் பூனை முடிபோலப் பூஞ்சணம். காற்று வந்தது, நாற்றமும் வந்தது. துணிகள் மாடிப்படிக்குப் போயின. தையல் வேலை வாசல் அறைக்கு வந்தது. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டோம். சுவரை மறுபடி கழுவினேன். இம்முறை வெள்ளையடிக்காமல் காயவிட்டேன்.

மேலே போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ இனிமே நாங்க குளிக்கலாமாண்ணா?" என்றார் ஆசிரியை.

அடுத்த முறை வந்த ஏஜென்ட் பெண் ஒவ்வொரு ஜோடியாகத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார். ஒரு புள்ளிகூட இல்லை. அவர் முகம் இன்னும் இறுகியது.

"யக்கா, வேற யாருகிட்டயாவது குடுத்துத் தெச்சியா?"

"ஜன்னலத் தொறந்தோம்டி, அவ்ளோதான்."

அவர் நம்பவில்லை. உள்ளறை வரை நடந்து போனார். திறந்த ஜன்னலருகே நின்றவர், துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்து, புதுப் பையை இறக்கி வைத்தார்.