வருசத்தண்டு வந்த மீன்

1. சீனக் கடைக்காரருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. ஓய்வெடுக்க ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார்.

2. கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர், லீசைப் புதுப்பிப்பதா இல்லையா என்று மாத முடிவுக்குள் சொல்லச் சொன்னார்.

3. கடைக்காரர் தன் மகனிடம், நான் வரும்வரை நீ நடத்து, பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். சரிவராவிட்டால் கடையை விற்றுவிடுவார். மகன் பழையபடி அலுவலக வேலைக்குப் போகவேண்டும்.

4. மகன் தமிழ்ப் புதுவருடத்துக்கென்று மீன் இறக்கினான். நிறைய.

சிக்கல் நாலாவதில்தான்.

அவனும் நானும் கல்லூரியில் குளிரூட்டித் தொழில்நுட்பம் ஒன்றாகப் படித்தோம். பிறகு மார்க்கம் நகரத்தில் ஒரே அலுவலகம், பக்கத்துப் பக்கத்து மேசை. அவனுடைய தாயும் தகப்பனும் வெக்ஸ்போர்ட் பகுதியில் கடை திறந்தபோது அவன் நடக்கப் பழகவில்லை. அரிசி மூட்டைகளுக்கு மேல் இருந்து வீட்டுப்பாடம் செய்தவன். கல்லாவில் நின்ற யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரிடமிருந்து தமிழ் பிடித்துக்கொண்டவன். கடை அவனுக்குத் தப்பித்து வந்த இடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது, "இங்க ஒருத்தரும் என்னட்ட இண்டைக்கு என்ன நல்லது எண்டு கேக்கிறேல்லை," என்றான். அடுத்த மாதம் வேலையை விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டான்.

தகப்பனுக்கு அது பிடிக்கவில்லை. மகன் பெட்டி தூக்கக்கூடாது என்பதற்காகத்தான் அவர் அத்தனை வருடம் பெட்டி தூக்கினார்.

அந்த முறை வருடப்பிறப்பு செவ்வாய்க்கிழமை வந்தது. காலையில் அம்மாவுக்கு வாழைக்காய் போதவில்லை. நான் லீவில் நின்றதால் காரில் அவனுடைய கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போனதும் அம்மா நின்றுவிட்டார். வாசலில் இருந்து இறைச்சிப் பகுதிவரை ஐஸ். அதன் மேல் தலையோடும் வாலோடும் முழு முழு மீன்கள், ஒவ்வொன்றின் வாலிலும் சிவப்பு ரிப்பன். அவர்களுடைய புதுவருட மேசையில் முழு மீன் இல்லாவிட்டால் அது விருந்தே இல்லை. எங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, எங்களுக்காக ஆசையாகச் செய்திருந்தான்.

"அன்ரி, வருசத்துக்கு நல்ல விளைமீன் வந்திருக்கு."

"உனக்கென்ன விசரே தம்பி? வருசத்தண்டு ஆர் மச்சம் சமைக்கிறது? அதுவும் செவ்வாய்க்கிழமை."

"புதுவருசம் எண்டால் மீன் வேண்டாமோ?"

"உங்களுக்கு வேணும். எங்களுக்கு நாளைக்குத்தான் வேணும்."

கடையில் வாழையிலையும் பூசணிக்காயும் வாங்க ஆட்கள் நிறையவே நின்றார்கள். மீன் பக்கம் ஒருவரும் இல்லை. தகப்பன் புதன்கிழமை பின்னேரம் வருவதாகச் சொல்லியிருந்தார். இவ்வளவு மீனும் அப்படியே கிடந்தால் அவர் வேறு எதையும் பார்க்கத் தேவையில்லை.

அவன் அம்மாவிடம், நாளைக்கு என்றால் எல்லாருக்குமா என்று கேட்டான். எல்லாருக்கும்தான், சைவம் முடிந்த அடுத்த நாள் மீன் இல்லாமல் எங்கள் வீட்டு ஆட்களைச் சமாளிக்க ஏலாது என்றார் அம்மா. தனக்கு இரண்டு விளைமீன் எடுத்து வைக்கச் சொன்னார்.

அந்தச் சொல் அவனுக்குப் போதுமாக இருந்தது. நானும் அவனும் மீனை எல்லாம் குளிர் அறைக்குள் கொண்டுபோய்ப் புது ஐஸ் போட்டு அடுக்கினோம். கதவின் கீழ் ரப்பர் கிழிந்து குளிர் வெளியே போய்க்கொண்டிருந்தது. அதை நான் ஒட்டுநாடாவால் அடைத்தேன். பிறகு அவன் கல்லாவுக்குப் போய், வாழையிலை வாங்கிய ஒவ்வொருவரிடமும், "அன்ரி, நாளைக்கு மீன் எடுத்து வைக்கட்டோ?" என்று கேட்கத் தொடங்கினான். சிலர் சிரித்தார்கள். பலர் ஓம் என்றார்கள்.

மன்னார் அங்கிள் ஒருவர் மட்டும் காத்திருக்கவில்லை. "நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். எனக்கு இண்டைக்கே தா. உந்த ரிப்பனுக்கும் காசோ?" என்று கேட்டு, பெரிய மீனாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்.

புதன்கிழமை வேலை முடிந்து நான் போனபோது மீன் பக்கத்தில் வரிசை. அவனுடைய தாய் செதில் உரித்துக்கொண்டிருந்தார். தகப்பன் ஏற்கெனவே வந்து, காலை நீட்டிக்கொண்டு ஸ்டூலில் இருந்தார். வெட்டிய மீனைப் பையில் போடுவது அவர்தான். என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஐஸில் நாலைந்து மீன்தான் மிச்சம்.

ஏன் இவ்வளவு எடுத்தாய் என்று தகப்பன் கேட்டாராம். அவன் மறைக்காமல் தன் பிழையைச் சொல்லியிருக்கிறான். தகப்பன் பிறகு சொன்னதை அவன் எனக்கு அப்படியே தமிழில் சொன்னான்:

"உவையின்ர வருசத்துக்கு நான் எப்பவும் மீனைக் குறைச்சுத்தான் எடுப்பன். அடுத்த நாள் என்ன வேணும் எண்டு ஒருத்தரையும் கேட்டதில்லை."

தகப்பன் வெள்ளிக்கிழமை கட்டடச் சொந்தக்காரரைக் கடைக்கு வரச் சொன்னார்.

லீஸ் இப்போது மகனின் பெயரில் இருக்கிறது. தகப்பன் சனிக்கிழமைகளில் மட்டும் வருகிறார். மார்க்கத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்கு வேறொருவர் வந்துவிட்டார்.