எழுபதுக்குக் குறையாமல்

கொழும்புப் பாதை திறந்திருந்த காலத்தில், அங்கே என் இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். தீப்பெட்டியளவு சாமான், அதற்குள் ஒரு பற்றரி. ஐந்தாறு வருடம் ஓடும் என்றார் வைத்தியர். நாடி நிமிடத்துக்கு எழுபதுக்குக் கீழே இறங்காது, இறங்கினால் பற்றரி முடிகிறதென்று அர்த்தம், உடனே வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். நான் யாழ்ப்பாணத்தில், பண்டத்தரிப்பில் கணக்கு ரீச்சர். எண்ணச் சொல்லிவிட்டால் எனக்கு வேறு வேலை வேண்டுமா?

பிறகு சண்டை மூண்டது. பாதை பூட்டுப்பட்டது, மின்சாரம் போனது. யாழ்ப்பாணத்துக்குள் கொண்டுவரக் கூடாத சாமான்களில் பற்றரியும் ஒன்று. ரோச் லைற்றுக்கு இல்லை, ரேடியோவுக்கு இல்லை, மணிக்கூட்டுக்கும் இல்லை. ஊரில் மிச்சமிருக்கிற ஒரே நல்ல பற்றரி ரீச்சருடையதுதான் என்று ஆசிரியர் அறையில் பகிடி விட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து நாடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கொழும்புக்குப் போகப் புலிகளிடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸுக்கு, போனவர் திரும்பும்வரை ஒருவர் இங்கே பிணை நிற்க வேண்டும். அதன்பிறகு கிளாலிக் கடலைப் படகில் கடக்க வேண்டும். கடற்படையின் சூட்டில் அகப்பட்டுப் போய்ச் சேராதவர்களும் உண்டு. நானும் கணவரும் இரண்டு தரம் விண்ணப்பித்தோம். இரண்டு தரமும் "பிறகு வாங்கோ" என்ற பதில்தான்.

பங்கருக்குள் மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு இருப்பார்கள். நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். ஷெல்லடி ஓய்ந்தால் பங்கரை விட்டு வெளியே வரலாம். என் நெஞ்சை விட்டு நான் எங்கே போவது? ஊரெல்லாம் பிள்ளைகளைப் பறிகொடுத்து நிற்கையில் எனக்கு என் ஒரு உயிர் பெரிதாகத் தெரிந்தது. அந்த வெட்கம் பயத்தைவிடப் பொல்லாதது. ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

ஒரு நாளைக்கு நாற்பது தரம் எண்ணினேன். கரும்பலகையில் ஒரு கை, கழுத்தில் மற்றக் கை. சாப்பாடு இறங்கவில்லை. சீப்பெடுத்துத் தலை இழுக்கக்கூட மனம் வரவில்லை. கொப்பிகள் திருத்தப்படாமல் குவிந்தன. பெரியாஸ்பத்திரி டொக்டர் பார்த்துவிட்டு, "பற்றரி வேலை செய்யுது, ரீச்சர். மனம்தான் களைச்சுப் போச்சு" என்றார். மனத்துக்கு அவரிடம் மருந்து இருக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து என் கைமணிக்கூட்டின் பற்றரியும் முடிந்தது. கணவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"இனி நீர் எண்ண வேண்டாம். காலமையிலை ஒருக்கா நான் எண்ணுறன். அவ்வளவுதான்."

அவருடையது சாவி கொடுக்கிற பழைய கைமணிக்கூடு. கட்டில் விளிம்பில் இருந்து, அதைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எண்ணுவார். "எழுபது" என்பார். அந்த எழுபதை வைத்துக்கொண்டு நான் எழும்பிப் பள்ளிக்கூடம் போவேன். பின்னேரம் ஆகும்போது அது தீர்ந்துவிடும்.

பக்கத்து வீட்டுத் தோட்டக்காரர் செத்துப்போன ரேடியோப் பற்றரிகளைக் கிணற்றுக்கட்டில் அடுக்கிக் காயவிடுவார். "வெய்யில் குடிச்சா அரை மணித்தியாலம் கதைக்கும், ரீச்சர்" என்று ஒரு நாள் சொன்னார். அடுத்த நாள் நான் முற்றத்தில் கதிரையைப் போட்டு, இடது தோளை வெய்யிலுக்குக் காட்டிக்கொண்டு இருந்தேன். படித்த முட்டாள் என்று என்னை நானே ஏசினேன். ஏசிக்கொண்டும் எழும்பவில்லை. வெளியே போயிருந்த கணவர் சைக்கிளோடு வந்து நின்றார்.

"குளிருது" என்றேன். அது சித்திரை மாதம்.

"ஓம்" என்றார். மறுநாள் நான் வரமுன்னமே கதிரை முற்றத்தில் இருந்தது. அதன் மேல் தலைக்குப் போட ஒரு துவாய்.

சில மாதங்கள் கழித்து ஒரு காலை, அவர் குனிந்தபோது யன்னல் வெளிச்சம் மணிக்கூட்டு முகத்தில் விழுந்தது. நாலு பத்து. நொடி முள் அசையவில்லை. அவர் அதை உற்றுப் பார்த்தபடி உதடசைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"எழுபது" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கணக்கு ரீச்சருக்கே கள்ளக் கணக்கு. பொங்கலிலிருந்து அவர் பள்ளிக்கூட மணியைக் கேட்டு வெளிக்கிடுவதும், அயலில் நேரம் விசாரிப்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தன. இத்தனை மாதமும் நாடி அறுபதா ஐம்பதா, என்னைப்போல அவருக்கும் தெரியாது. ஏச வாயெடுத்தேன். எழுபது சொல்லி முடித்த பிறகும் அவருடைய விரல்கள் என் மணிக்கட்டில் நாடியைத் தேடிக்கொண்டிருந்தன. என் நெஞ்சுக்குள் நான் மட்டும் அகப்பட்டிருக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. எழும்பித் தலையை இழுத்தேன்.

பாஸ் கிடைக்க இன்னும் ஒன்பது மாதம் சென்றது. அந்த ஒன்பது மாதமும் காலையில் கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வேன். தவறியும் என் கண் அந்த மணிக்கூட்டில் படக் கூடாது. பொய் என்று தெரிந்தும் அந்த எழுபது இல்லாமல் என்னால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை.

பிணை நின்றவர் அவர்தான். ஆகவே கூட வர முடியாது. கிளாலிக்குப் புறப்படும் நாளும் கட்டில் விளிம்பில் இருந்து எண்ணினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

"எத்தினை?"

"எழுபது" என்றார். பிறகு மணிக்கூட்டைக் கழற்றி என் கைக்குள் வைத்து விரல்களை மூடினார்.

"கொழும்பிலை உந்த மணிக்கூட்டையும் ஒருக்காத் திருத்திக்கொண்டு வாரும்."