மூக்கில்லாத ரவை

அக்காவும் அத்தானும் சண்டையின் கடைசி நாள்வரை வன்னியில் இருந்தவர்கள். முகாமிலிருந்து வெளியே வந்து, மேலும் சில வருடங்கள் கழித்துத்தான் பிரான்சுக்கு வந்து சேர்ந்தார்கள். பாரிசுக்கு வெளியே பொண்டியில் சின்னதாக ஒரு வீடு எடுத்திருந்தார்கள். அத்தானுக்குப் பாரிசில், லா சப்பலில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. அவருடைய வேலை முடியும்வரை அக்கா, பக்கத்தில் மார்க்ஸ் டோர்மோயில் இருந்த என் வீட்டில் வந்து இருப்பாள்.

அப்படி வந்திருந்த ஒருநாள், கதிரையில் கிடந்த என் பையிலிருந்து பெரிய காதுமூடி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். பாட்டுக் கேட்கவா என்று கேட்டாள். நான் சனிக்கிழமைகளில் துப்பாக்கி சுடும் கழகத்துக்குப் போகிறேன், அங்கே போடுவது என்றேன். அக்கா அதை மெதுவாக மேசையில் வைத்தாள்.

“எங்களைக் கலைச்ச சாமானை நீ காசு கட்டிப் பழகிறியோ?”

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளுக்குச் சொன்னேன். 2009இல் அவர்களிடமிருந்து தொலைபேசி வராமல்போன மாதங்களில் என் வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. பகலில் அலுவலகம், பின்னேரங்களில் சண்டையை நிறுத்தச் சொல்லித் தெருவில் பதாகை பிடித்து நின்ற சனத்தோடு நான். அவர்கள் உயிரோடு முகாமில் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. தேத்தண்ணியை ஊற்றினால் பாதி வெளியே போகும். வைத்தியர்கள் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த பிரெஞ்சுக்காரி, சென் தெனி நகருக்கு அப்பால் இருந்த ஒரு கழகத்தில் சுடப் பழகிக்கொண்டிருந்தாள். ஒருநாள் என்னையும் கூட்டிப்போனாள். சும்மா பார்க்கத்தான் போனேன். ஆனால் அந்த ரிவோல்வரைப் பிடித்துக் குறி பார்த்தபோது கை நின்றுவிட்டது. ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அக்கா காதுமூடியை எடுத்துத் திரும்பப் பையில் வைத்தாள். அடுத்த கிழமை, அந்த இடத்தைத் தானும் அத்தானும் பார்க்க வேண்டும் என்றாள். நிறுத்தச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன்.

கழக வாசலில் அடையாள அட்டையைக் கேட்டார்கள். அத்தான் கொடுக்கத் தயங்கினார். பேரைப் பதிந்து பொலிசுக்குக் கொடுப்பார்களோ என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். விருந்தாளியாக வருகிற எவரிடமும் கேட்பதுதான் என்றேன். கொடுத்தார். அது திரும்பக் கைக்கு வரும்வரை அந்த மேசையை விட்டு அவர் கண் நகரவில்லை.

சுடும் இடம் நிலத்துக்குக் கீழே இருந்தது. பயிற்றுநர், வயதான அமைதியான மனிதர், விதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அவற்றைத் தமிழில் சொன்னேன். பிறகு அவர் ஒரு ரவையை அத்தானின் உள்ளங்கையில் வைத்தார்.

அத்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த துப்பாக்கி ரவைகளுக்கெல்லாம் கூரான முனை இருக்கும். இதுவோ கட்டையான பித்தளைக் குழாய் மாதிரி இருந்தது. வாய்ப் பக்கம் தட்டையாக, ஒன்றும் வெளியே நீட்டவில்லை.

“இது வெடிச்ச கோதெல்லோ பிள்ளை. உம்மை ஏமாத்திறாங்கள்.”

அக்கா அதை வாங்கி, வாய்ப் பக்கத்தை நகத்தால் சுரண்டினாள். “மூக்கைக் காணேல்லை” என்றாள்.

ஈயக் குண்டு உள்ளேதான் இருக்கிறது, அதன் தலை தட்டையானது, பித்தளைக் கோதின் விளிம்போடு நின்றுவிடும் என்று விளங்கப்படுத்தினேன். தாளில் சுடுவதற்கென்றே செய்தது. கூரான குண்டு தாளைக் கிழித்துவிடும், இது வட்டமாக வெட்டும், புள்ளி எண்ண வசதி. அத்தான் நம்பவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு வெறும் சத்தம் போடுகிறதைக் கொடுப்பார்கள் என்றார். அத்தான் என்ன சொல்கிறார் என்று பயிற்றுநர் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நீ சுட்டுக் காட்டு என்றார்.

ஐந்து சுட்டேன். சுடுவதை நிறுத்தும் மணி அடித்தது, எல்லோரும் துப்பாக்கிகளைத் திறந்து கீழே வைத்துவிட்டுத் தங்கள் தாள்களைப் பார்க்க நடந்தோம். அலுவலகத்தில் கோப்புக்குத் துளை போடுவது போல ஐந்து வட்டங்கள். அத்தான் அவற்றை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

பின்னால் நின்ற அக்கா கேட்டாள். “இது ஆளிலை பட்டால்?”

தாளுக்குத்தான் செய்தது என்று இன்னொரு தடவை சொல்லிவிடலாம் போல இருந்தது.

“சாகும் அக்கா.”

அத்தான் திரும்பி நடந்து, கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய தோள் தெரிந்தது. நானும் போகத்தான் நினைத்தேன். ஆனால் அக்கா நகரவில்லை. தானும் ஒன்று சுடலாமா என்று கேட்கச் சொன்னாள்.

பயிற்றுநர் ஒரேயொரு ரவையைப் போட்டு, அவளுக்குப் பின்னால் நெருங்கி நின்றார். அக்கா நெடுநேரம் குறி பார்த்தாள். சுடாமலே கீழே வைத்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது வெடித்தது. மணி அடித்ததும் அவளே முன்னால் நடந்தாள். தாளின் கீழ் மூலையில், கோடுகளுக்கு வெளியே, துப்புரவான ஒரு வட்டம். அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வன்னியிலை கண்டது இப்பிடி இருக்கேல்லை” என்றாள். பிறகு காதுமூடியைக் கழற்றி என்னிடம் தந்தாள். “எனக்குப் போதும்.”

ரயிலில் திரும்பி வந்தோம். லா சப்பலில் இறங்கி, அத்தானுக்குத் தெரிந்த ஒரு கடையில் தேத்தண்ணிக்கு உட்கார்ந்தோம். நீங்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டீர்கள் என்று நினைத்தேன் என்று அத்தானிடம் சொன்னேன். அவர் இல்லையென்று தலையாட்டினார்.

“இஞ்சை சுட்டுப்போட்டு, எங்கை பட்டதெண்டு நடந்து போய்ப் பாக்கினம். எங்களுக்குச் சுட்டவன் ஒருத்தனும் வந்து பாக்கேல்லை.”

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். அக்கா அத்தானின் தட்டில் இருந்த வடையில் பாதியைப் பிய்த்து என் பக்கம் வைத்தாள்.

அவர்கள் பிறகு அங்கே வரவில்லை. என்னை நிறுத்தச் சொல்லவும் இல்லை. முன்பெல்லாம் சனிக்கிழமைகளில் அக்கா நினைத்த நேரம் எனக்குத் தொலைபேசி எடுப்பாள். இப்போது நான் கழகத்திலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கக்கூடிய நேரம் பார்த்து, பின்னேரத்தில்தான் எடுக்கிறாள். என்ன சமைத்தாய் என்று கேட்பாள். அத்தான் பக்கத்தில் இருந்தால் அவரும் ஒரு வார்த்தை கதைப்பார்.